இணையவழிக் கல்விக்கு ஒரு கதவு

எங்கள் பல்கலைக்கழகத்தில் எதையாவது கேட்க வேண்டுமென்றால் முதலில் ஒரு பூட்டு வாங்க வேண்டும். மனு எழுதுவது, நேரில் பார்ப்பது, கெஞ்சுவது எல்லாம் வெட்டி வேலை. எங்கள் ஊர் நேபாள்கஞ்ச் கடைத்தெருவில் நல்ல பூட்டாக ஒன்று வாங்கி, துறைக் கதவில் மாட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தால் போதும். மூன்றாம் நாள் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார்கள். ஐந்தாம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாகும். ஆறாம் நாள் சாவியைத் தட்டில் வைத்துத் துணைவேந்தரிடம் ஒப்படைத்து, படம் எடுத்து, சமோசா தின்றுவிட்டுக் கலைவார்கள். பரீட்சையைத் தள்ளிவைக்க, தள்ளிவைத்த பரீட்சையை உடனே நடத்த, விடுதிப் பருப்பைக் கெட்டியாக்க, எல்லாவற்றுக்கும் இதே வழிதான். இருபத்திரண்டு வருடமாக இங்கே பாடம் நடத்துகிறேன். பூட்டுப் போடாமல் நடந்த காரியம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

துணைவேந்தர் லாமிசானே இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதே இல்லை. மாணவராக இருந்த காலத்தில் அவரே பெரிய பூட்டுக்காரர். தன் அறை பூட்டப்பட்ட நாட்களில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பூட்டியவர்களோடு சேர்ந்து டீ குடிப்பார்.

இப்படிப்பட்ட இடத்துக்கு இணையவழிக் கல்வி வந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு குழு இறங்கியது, திரையில் படம் காட்டியது, பத்து மடிக்கணினிகளைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியது. "இனி மலை மாவட்டப் பிள்ளைகள் ஊரைவிட்டு இறங்காமலே பட்டம் வாங்கலாம்" என்று துணைவேந்தர் மேடையில் முழங்கினார். ஒருங்கிணைப்பாளராக என்னைப் போட்டார்கள். இந்த நந்தபிரசாத் ரிஜால் பெரிய அறிவாளி என்பதால் அல்ல. அலுவலகப் பிரிண்டரில் காகிதம் சிக்கினால் எடுத்துவிடத் தெரிந்த ஒரே ஆசிரியர் நான்தான். நூலகத்தில் பழைய செய்தித்தாள் அடுக்குக்குப் பின்னால் ஒரு மேசை தந்தார்கள். துறை என்பது அந்த மேசைதான்.

கல்வியியல் பட்டப்படிப்புக்கு நாற்பத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். காலிகோட், ஜும்லா, முகு, டோல்பா என்று எல்லாரும் மேலே மலையில் இருப்பவர்கள். காலை ஏழு மணிக்கு வகுப்பு. நான் திரையைப் பார்த்துப் பேசுவேன், அவர்கள் கறுப்புக் கட்டங்களாக இருப்பார்கள். முகத்தைக் காட்டினால் டேட்டா தீர்ந்துவிடும் அல்லவா. ஒருத்தரின் முகம்கூட எனக்குத் தெரியாது. இருந்தும் ஏழு மாதம் வகுப்பு தடங்கல் இல்லாமல் ஓடியது. எனக்கே நம்ப முடியவில்லை.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது பதிவாளர் முக்திநாத் பௌடேலிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வருகைப் பதிவேட்டில் குறைந்தது அறுபத்து மூன்று நாட்களுக்கு மையால் கையெழுத்துப் போட்ட மாணவர்களுக்கு மட்டுமே நுழைவுச்சீட்டு. பல்கலைக்கழகம் தொடங்கிய காலத்து விதி அது. இணையவழி மாணவர்களுக்கு விலக்கு என்று யாரும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, ஒருங்கிணைப்பாளருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பதிவாளரிடம் ஓடினேன்.

"சார், அவங்க ஜும்லாவுல இருக்காங்க."

"இருக்கட்டுமே. நல்ல ஊரு, ஆப்பிள் கிடைக்கும்."

"கையெழுத்துப் போட தினமும் இங்க வரணும்னா, இணையவழி எதுக்கு சார்?"

"படிக்கிறது இணையவழி. வந்ததுக்கு அத்தாட்சி கையெழுத்து. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க, ரிஜால்ஜி."

பௌடேல் கெட்டவர் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். முப்பத்தோரு வருட சர்வீஸில் அவர் கையைத் தாண்டிப் போன எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் காலியாக இருந்ததில்லை. அந்தப் பெருமை ஒன்றோடு ஓய்வு பெற வேண்டும் என்று இருந்தார்.

மறுநாள் ஜைசரா புடா போன் செய்தாள். காலிகோட்டில் மான்மாவுக்கு மேலே ஒரு கிராமத்துப் பள்ளியில் அவள் தற்காலிக ஆசிரியை, பள்ளிக்கு ஒரே ஆசிரியையும் அவள்தான். இந்தப் பரீட்சையை எழுதினால்தான் வேலை நீடிக்கும் என்று ஊராட்சி அவளுக்குக் கெடு வைத்திருந்தது. தவறினால் அந்த இடம் வார்டுத் தலைவரின் அண்ணன் மகளுக்கு. அந்தப் பெண் ஏற்கெனவே பள்ளிக்கு வந்து, தன் நாற்காலியை எங்கே போடுவது என்று பார்த்துவிட்டுப் போய்விட்டாளாம். வீட்டில் சம்பளம் என்று வருவது ஜைசராவுடையது மட்டும்தான்.

"சார், நாங்க நாப்பத்து மூணு பேரும் போன்ல பேசிட்டோம். பூட்டுப் போடறதுன்னு முடிவு."

"எதுலம்மா போடுவீங்க?"

"நம்ம துறைக் கதவுலதான்."

"நம்ம துறைக்குக் கதவே இல்லையே."



"கதவு இல்லாத துறையா சார்? அப்ப என்னதான் இருக்கு?"

"ஒரு மேசை இருக்கு. அதுல ஒரு டிராயர்."

"டிராயர்ல பூட்டுத் தொங்குமா?"

"கைப்பிடியே கிடையாது. ஸ்க்ரூடிரைவர் விட்டுத்தான் திறப்பேன்."

"எங்க ஊர்ல கோழிக்கூண்டுக்கே கதவு இருக்கு சார்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் உறைத்தது.

துணைவேந்தரைப் பார்த்தேன். பொறுமையாக, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நியாயமான கோரிக்கைதான் ரிஜால்ஜி. பேச நான் தயார். பூட்டு எங்க?"

"போட இடம் இல்லை சார். உங்க அறையில வேணும்னா..."

"அது எப்படி? என் கதவு பெரிய சங்கங்களுக்கு. துறை மாணவர்கள் துறைக் கதவுலதான் போடணும். நானே அந்தக் காலத்துல தாவரவியல் கதவைத் தாண்டினது இல்ல."

"பூட்டு இல்லாமலே பேசிட்டா என்ன சார்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பேச்சுவார்த்தைக் குழு அமைக்கிற ஆணையில முதல் வரியே 'கதவு பூட்டப்பட்டதைத் தொடர்ந்து'ன்னுதான் ஆரம்பிக்கும். அந்த வரியில நான் என்னத்த எழுத?"

நான் கோபக்காரன். ஆனால் ஒப்பந்த ஆசிரியன். ஒவ்வொரு சாவன் மாதமும் என் வேலையைப் புதுப்பிக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர் எதிரே உட்கார்ந்திருந்தார். கோபத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் முருங்கைக்காய்ப் பொரியல்மேல் காட்டினேன். காலையில் எழுந்து, இணையவழிக் கல்வித் துறைக்கு ஒரு கதவு வேண்டும் என்று கோப்பு எழுதினேன்.

மைக் வேண்டும் என்று எழுதிய கோப்பு எட்டு மாதமாக எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்தது. கதவுக் கோப்பு ஒன்றரை நாளில் கையெழுத்தாகி வந்தது. இணையவழிக் கல்வி என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளங்கியதில்லை. கதவு என்றால் எல்லாருக்கும் விளங்கியது.

நூலகத்துக்கும் கேன்டீனுக்கும் நடுவில் புல்தரையில் கதவை நட்டார்கள். சால் மரம், இரட்டைத் தாழ்ப்பாள், பச்சைப் பெயின்ட். நிலையைச் சிமென்ட் போட்டு இறுக்கினார்கள். மேலே பித்தளைப் பலகையில் துறையின் பெயர். சுவர் கிடையாது. சுவருக்குத் தனிக் கோப்பு போட வேண்டும் என்றார்கள். காவலுக்குப் பூலாராம் தாருவை முக்காலியும் விசிலும் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

திறப்பு விழா பிரமாதமாக நடந்தது. துணைவேந்தர் கழுத்தில் மஞ்சள் துண்டுகள், நெற்றியில் சிவப்புப் பொடி. ரிப்பனை வெட்டி, கதவைத் திறந்து, இந்தப் பக்கத்துப் புல்லிலிருந்து அந்தப் பக்கத்துப் புல்லுக்குப் போனார். கைதட்டினார்கள். பின்னால் அறுபது விருந்தினர்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக நுழைந்தார்கள். பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் சமோசா ஆறிவிடும் என்று கதவைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். பூலாராம் விசில் அடித்து, திருப்பி அழைத்து, முறைப்படி நுழைய வைத்தான். அன்றிலிருந்து ஆடுகளைத் தவிர யாரும் அதைச் சுற்றிப் போகவில்லை.

அன்று மாலையே ஜைசராவுக்குச் சொன்னேன். பூட்டோடு கிளம்பிவிட்டாள். காலிகோட்டிலிருந்து ஜீப்பில் சுர்கேத், அங்கிருந்து பேருந்து. இரண்டு நாள் வழி. நடுவில் எங்கோ மண் சரிந்து சாலை அடைபட்டது.

அந்த இடைவெளியில் லோகேந்திர சந்த் முந்திக்கொண்டான்.

லோகேந்திரன் மாணவர் தலைவன். வயது முப்பத்தெட்டு. இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கி, மூன்றாவதில் இருந்தான். அவனோடு படித்தவர்களின் பிள்ளைகள் அவனை அண்ணே என்று கூப்பிட்டார்கள். ஒருவர் மூன்று முதுகலைக்கு மேல் படிக்கக்கூடாது என்று விதி. மூன்றாவதும் முடிந்துவிட்டால் அவன் மாணவன் இல்லை, மாணவன் இல்லையென்றால் தலைவனும் இல்லை. எனவே நான்காவது முதுகலைக்கு அனுமதி கேட்டுப் போராட்டம். புதுக்கதவு ஒன்று காலியாக நிற்பதைப் பார்த்ததும் அவனுக்குக் கை துறுதுறுத்திருக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு மறுநாள் காலை போய்ப் பார்த்தால், கதவில் அவன் பூட்டுத் தொங்குகிறது.

"லோகேந்திரா, இது இணையவழித் துறைக் கதவுப்பா. உனக்கும் இதுக்கும் என்ன?"

"சார், மத்த கதவெல்லாம் பூட்டிப் பூட்டித் தேஞ்சு போச்சு. இது ஜம்முன்னு இருக்கு. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

வைத்துக்கொள்ளாமல்தான் வீட்டுக்குப் போய்ப் போனைத் திறந்து வகுப்பை ஆரம்பித்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பதிவாளரின் அழைப்பு.

"ரிஜால்ஜி, வகுப்பு எடுக்கறீங்களாமே?"

"ஆமா சார்."

"கதவு பூட்டியிருக்கே, எப்படி உள்ள போனீங்க?"

"உள்ள எங்க சார் போறது? போன்லதான்..."

"அதான் கேக்கறேன். சுத்திக்கிட்டுப் போயிருக்கீங்க. போராட்டத்தை மதிக்கணுமா இல்லையா? சாவன் மாசம் வேற வருது."

மத்தியானம் அறிவிப்பே ஒட்டிவிட்டார்கள். கதவு திறக்கும்வரை இணையவழி வகுப்புகள் கிடையாது. கதவைச் சுற்றிச் சென்று கற்பிப்பதும் கற்பதும் ஒழுங்கீனம். ஏழு மாதம், கதவே இல்லாமல், ஒரு நாள் நிற்காமல் ஓடிய படிப்பைக் கதவு வைத்து நானே நிறுத்திவிட்டேன். நல்லது செய்யப் போய் நாசம் பண்ணுவது என்பார்களே, அது நான்தான்.

ஜைசரா நான்காம் நாள் வந்து சேர்ந்தாள். ஏழு மாதமாகக் குரலாக மட்டும் தெரிந்தவள். சின்ன உருவம், வெயிலில் கன்றிய முகம், தோளில் துணிப்பை. பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு இரும்புப் பூட்டை எடுத்தாள். பள்ளிக்கூடத்துப் பூட்டாம். அது இல்லாததால் பள்ளிக் கதவைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

கதவைப் பார்த்தாள். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பூலாராம் விசில் அடித்தான்.

"சுவர் எங்க சார்?"

"அடுத்த வருஷம்மா."

லோகேந்திரனின் பூட்டுக்குக் கீழே, இரண்டாம் தாழ்ப்பாளில் தன் பூட்டை மாட்டினாள். நாற்காலியில் சாய்ந்திருந்த லோகேந்திரன் எழுந்து வந்தான்.

"தங்கச்சி, ஏற்கெனவே பூட்டியிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது அண்ணே. நீங்க என்ன படிக்கிறீங்க?"

"மூணாவது எம்.ஏ."

"முடிச்சிட்டு?"

"நாலாவது."

"அதையும் முடிச்சிட்டு?"

இதுவரை அவனை யாரும் அவ்வளவு தூரம் கேட்டதில்லை போலும். "அதுக்குள்ள விதிய மாத்திடலாம்," என்றான்.

"உங்களுக்கு நாலாவது தர்றாங்களான்னு பாக்கறீங்க. எங்களுக்கு முதலாவதே தரமாட்டேங்கறாங்க அண்ணே."

லோகேந்திரன் தன் நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டு, பூலாராமின் முக்காலியில் போய் உட்கார்ந்தான்.

பேச்சுவார்த்தை மறுநாள் நடந்தது. லோகேந்திரனின் கோரிக்கை இருபது நிமிடத்தில் நிறைவேறியது. நான்காவது முதுகலைக்கு அனுமதி, ஐந்தாவதைக் கனிவோடு பரிசீலிப்பது. சாவி, தட்டு, படம், சமோசா எல்லாம் முறையாக முடிந்தன. பிறகு ஜைசராவை அழைத்தார்கள். நானும் கூடப் போனேன். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே துணைவேந்தர் கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம்மா. நீங்க இணையவழி மாணவிதானே?"

"ஆமா சார்."

"அப்ப நீங்க இப்படி நேர்ல வரக்கூடாதே. இணையவழி மாணவி இணையவழியாத்தானே பேசணும்? நேர்ல பேசினா நீங்க நேர்வழி மாணவின்னு ஆயிடும். அப்புறம் உங்க பூட்டு செல்லாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஜைசரா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், துணைவேந்தர் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, போனைத் திறந்தாள்.

உள்ளே எட்டுப் பேர் ஒரு திரையைச் சுற்றி உட்கார்ந்தோம். திரையில் வட்டம் சுற்றியது. ஜன்னல் வழியாக ஜைசரா தெரிந்தாள், இருபதடி தூரம்.

"கேக்குதா?" என்றார் துணைவேந்தர் திரையைப் பார்த்து.

"கேக்குது சார்," என்றது மரத்தடி.

அரை நிமிடம் கழித்துத் திரையும், "கேக்குது சார்" என்றது.

"எதிரொலி வருது. ஜன்னலைச் சாத்துங்க."

சாத்தினார்கள். உடனே இணைப்பு அறுந்தது. மறுபடி வந்தது, மறுபடி போனது. கண்ணாடி வழியாக அவள் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பதும், மரத்தைச் சுற்றி நடப்பதும், வாய் அசைவதும் தெரிந்தது. ஒரு கட்டத்தில் துணைவேந்தர் ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தார். அவளும் கையசைத்தாள். அதை அவர் நல்ல முன்னேற்றம் என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்.

இணைப்பு இருந்த நேரத்தில் அவள் சொன்னது மொத்தம் நாலு வாக்கியம். "சார், எங்க ஊர்ல மேட்டுல ஏறினா சிக்னல் நல்லா கிடைக்கும். ஏழு மாசம் அப்படித்தான் படிச்சேன். படிச்சது நாங்க நாப்பத்து மூணு பேர். கையெழுத்து இல்லேங்கறதுக்காகப் படிக்கலேன்னு ஆயிடுமா சார்?"

முடிவு எடுத்தார்கள். மையால் கையெழுத்துப் போடும் விதி இணையவழி மாணவர்களுக்குப் பொருந்துமா என்று ஆராய ஐவர் குழு. ஆறு மாதத்தில் அறிக்கை. பரீட்சைக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

வெளியே வந்து அவளிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். போனை அணைத்துப் பையில் வைத்தாள், அவ்வளவுதான். பின்னாலேயே பதிவாளர் வந்தார். வயதான மனுஷன், அவருக்கும் மனசு கேட்கவில்லை.

"இந்தாம்மா, அழாத," என்றார் அழாதவளைப் பார்த்து. "ஒரு வழி இருக்கு. நீதான் இவ்வளவு தூரம் வந்துட்டியே. பதிவேட்டுல கையெழுத்தைப் போட்டுடு."

"போன மாசக் கட்டத்துல இப்பப் போடலாமா சார்?"

"நாள் எதுவா இருந்தா என்ன? கட்டம் காலியா இருக்கக்கூடாது. அவ்வளவுதான் விதி."

"மத்தவங்க?"

"அவங்க வரலையே. யார் வந்திருக்காங்களோ அவங்கதான் போட முடியும்."

பதிவேடு என் டிராயரில்தான் இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துக் கொடுத்தேன். நாற்பத்து மூன்று பெயர்கள் என் கையால் எழுதியவை. அவற்றுக்கு எதிரே, பக்கம் பக்கமாக வெள்ளைக் கட்டங்கள். என் மேசையிலேயே உட்கார வைத்து ஒரு பேனாவும் கொடுத்தேன். அறுபத்து மூன்று கையெழுத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஐந்து நிமிடம். கேன்டீனுக்குப் போய் ஒரு பிளேட் மோமோ சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

திரும்பி வந்தபோதும் எழுதிக்கொண்டிருந்தாள். மத்தியானமும் எழுதிக்கொண்டிருந்தாள். மோமோ அப்படியே ஆறிக் கிடந்தது. பேனா தீர்ந்து வேறு பேனா கேட்டாள். பூலாராம் டீ கொண்டுவந்து வைத்தான். லோகேந்திரன் ஒரு தடவை எட்டிப் பார்த்தான், குனிந்து பக்கத்தைப் படித்தான், தன் சட்டைப்பையிலிருந்த பேனாவையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். நான் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் தடுக்க வேண்டியிருக்கும் என்று பயம்.

மாலை நாலு மணிக்குப் பதிவேட்டைப் பதிவாளர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். முதல் வரி, ஜும்லாவின் அங்கத் ரோகாயா. எதிரே அறுபத்து மூன்று கட்டங்களிலும் 'ஜைசரா புடா' என்று கையெழுத்து. இரண்டாவது வரி, டோல்பாவின் பூட்டி குருங் என்ற பெண். எதிரே அறுபத்து மூன்றும் 'ஜைசரா புடா'. மூன்றாவது, நான்காவது, இருபதாவது, கடைசி. பேனா மாறிய இடத்தில் நிறம் மாறியது. கை ஓய்ந்துபோன இடத்தில் எழுத்துப் பெரிதாயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை.

"என்னம்மா இது?"

"நீங்கதான சார் சொன்னீங்க, வந்தவங்கதான் போட முடியும்னு. வந்தது நான்தான்."

"அடுத்தவங்க கட்டத்துல..."

"அவங்க பேரைப் போட்டா அது பொய்க் கையெழுத்து சார். அதான் என் பேரைப் போட்டேன்."

பௌடேல் முதல் பக்கத்துக்குத் திரும்பினார். மறுபடி கடைசிப் பக்கத்துக்கு வந்தார். ஒரு கட்டத்தைக்கூட விடாமல் விரல் வைத்துப் பார்த்தார். அவ்வளவு நிறைந்த பதிவேட்டை முப்பத்தோரு வருடத்தில் அவர் பார்த்திருக்க மாட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கடைசியில ஒருங்கிணைப்பாளர் சான்று இருக்கு. 'மேற்கண்டவர்கள் வகுப்புக்கு வந்தனர்'னு. ரிஜால்ஜி, வந்தாங்களா?"

சாவன் மாதத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. பேனாவை எடுத்தேன்.

"வந்தாங்க சார்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

பௌடேல் முத்திரையை மைப்பெட்டியில் இரண்டு முறை அழுத்திவிட்டு, பதிவேட்டில் ஓங்கிக் குத்தினார். "கட்டம் எதுவும் காலியா இல்ல," என்றார் தனக்குத்தானே. நாற்பத்து மூன்று நுழைவுச்சீட்டுகளையும் அன்றே போனில் அனுப்ப உத்தரவு போட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? பதிவேடு இத்தனை நாளும் என் டிராயரில் கிடந்தது. பேனா என் சட்டைப்பையில் இருந்தது. நான் என்னடாவென்றால் புல்தரையில் கதவு நட்டுக்கொண்டிருந்தேன்.

ஜைசரா தன் பூட்டைத் திறந்து பையில் போட்டுக்கொண்டாள். வலது கை வீங்கியிருந்ததால் இடது கையால்தான் திறந்தாள். பேருந்து நிலையத்துக்கு ரிக்ஷாவில் கூடப் போனேன். பேருந்தில் ஏறும்முன், மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"உன் சீட்டு அஞ்சு நிமிஷத்துல கிடைச்சிருக்கும். பதிவாளர் ஒத்துக்காம இருந்திருந்தா உன்னுதும் போயிருக்கும். மத்த நாப்பத்திரண்டு பேரும் உனக்கு யாரு? ஒருத்தர் முகத்தையாவது பாத்திருக்கியா?"

"இல்ல சார். ஆனா தினமும் ஏழு மணிக்கு நீங்க பேர் கூப்பிடுவீங்கல்ல? ஒவ்வொருத்தரா 'ஹாஜிர்'னு சொல்லுவாங்க. யாராவது ஒருத்தர் சொல்லலேன்னா, அவங்களுக்கு என்ன ஆச்சோன்னு அன்னிக்கு முழுக்க மனசு கிடந்து அடிச்சுக்கும்."

பேருந்து புறப்பட்டது.

மறுநாள் ஏழு மணிக்கு வகுப்பைத் திறந்தேன். அதே கறுப்புக் கட்டங்கள். பதிவேட்டுக் கதை இரவே போனில் அவர்களுக்குள் பரவியிருக்க வேண்டும். பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தேன். எப்போதும் கடகடவென்று ஒப்பிப்பவன், அன்று ஒவ்வொரு பதிலுக்கும் நின்று கேட்டேன். இருபத்தேழாவது பெயர் அவளுடையது. அவள் ஜீப் அந்நேரம் மலைக்குள் எங்கோ ஏறிக்கொண்டிருக்கும், சிக்னல் இருக்காது என்று தெரியும். இருந்தாலும் கூப்பிட்டேன்.

"ஜைசரா புடா."

"ஹாஜிர்," என்றது ஜும்லாவிலிருந்து ஓர் ஆண் குரல்.

"ஹாஜிர்," என்றாள் டோல்பாவில் ஒருத்தி.

அதற்குப் பிறகு யார் எந்த ஊர் என்று பிரித்தறிய முடியவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாக் கட்டங்களிலிருந்தும் வந்தது. நான் எண்ணினேன். நாற்பத்திரண்டும் வந்து முடியும்வரை அடுத்த பெயரைக் கூப்பிடவில்லை.